கரையைப் பிடிப்பது வேர்

"நகரத்து ஆத்தங்கரையைப் பத்தி உழவர் இதழ்ல எதுக்குப் பாடம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னிடம் மூன்று பதில்கள் உண்டு.

முதலாவது, ஆறு நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. நகரம் ஆற்றை எப்படி வைத்துக்கொள்கிறதோ, அப்படித்தான் அது நம் வயலுக்கு வந்து சேரும். நொய்யலை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்காகக் கட்டி 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிற நிலை வந்தது. மேலே நடப்பதைக் கவனிக்காமல் விட்டால் கீழே இருப்பவன் கதி என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, நகரத்தில் பழகிய வேலை மெதுவாகக் கிராமத்துக்கும் வருகிறது. ஆற்றுக்குச் சுவர் கட்டியவர்கள் வாய்க்காலுக்கும் கட்டுகிறார்கள். கல்லணைக் கால்வாயில் அடித்தளத்துக்கே கான்கிரீட் போட வந்தபோது, நிலத்தடி நீர் ஊறாதே என்று தஞ்சைப் பகுதி உழவர்கள் எதிர்த்துப் போராடியது நம் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். செடியை வைத்துக் கரையைக் காக்கிற வித்தை இன்று உலகத்தின் பெரிய நகரங்களில் புதிய பொறியியல் என்று பேசப்படுகிறது. அது நமக்குப் பழக்கமான வேலை. நொச்சிக் குச்சியை வாய்க்கால் ஓரம் சாய்த்து ஊன்றியவர்களுக்கும், பூவரசம் போத்து நட்டவர்களுக்கும், ஏரிக்கரையில் பனங்கொட்டை போட்டவர்களுக்கும் இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது இதை எழுத ஒரு காரணமும் இருக்கிறது. எங்கள் ஊருக்கு மேலே உள்ள ஒரு நகரத்தில், நமக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் இரு கரையையும் 'அழகுபடுத்த' ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவர், மேலே சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, அதன் ஓரம் புல்தரை, வண்ண விளக்கு. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாங்களும் போனோம். சுவருக்குப் பதிலாகச் செடி வையுங்கள் என்று சொன்னதும் பொறியாளர் ஒருவர் கேட்டார்: "ஐயா, புல்லும் செடியும் வெள்ளத்தைத் தாங்குமா? அடிச்சுக்கிட்டுப் போனா யாரு பதில் சொல்றது?"

பல வருஷம் மடை திறந்து மூடிய பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, மதகுக்குக் கீழ இருக்கிற கரையை எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நாணல்தான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. மதகுக்கு மேல கட்டுன சுவர் ரெண்டு தடவை சாஞ்சு போச்சு. எதை நம்புறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் பொறியாளர் கேட்டதும் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குச் சிரிப்பு பதிலாகாது. கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

கரை என்பது என்ன?

கரையை நாம் ஒரு கோடாக நினைக்கிறோம். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நிலம். உண்மையில் கரை ஒரு பட்டை. கோடையில் காய்ந்து, மழையில் நனைந்து, வெள்ளத்தில் முழுகி, மறுபடி வெளியே வரும் நிலம் அது. காவிரிப் பக்கம் 'படுகை' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். தவளை முட்டையிடுவதும் மீன் குஞ்சு ஒதுங்குவதும் கொக்கும் நாரையும் மேய்வதும் இந்தப் பட்டையில்தான். நம் வயலில் பூச்சியைத் தின்னும் தவளையும் தட்டானும் பாதி வாழ்க்கையை இங்கேதான் கழிக்கின்றன.

செடி இந்தப் பட்டையில் மூன்று வேலை செய்கிறது. மண்ணுக்குள் வேர், குறிப்பாக நூல் போன்ற சல்லிவேர், மண் துகள்களைப் பின்னிப் பிடிக்கிறது. மண்ணுக்கு மேலே தண்டும் இலையும் ஓடும் நீரின் வேகத்தைக் கரை ஓரத்தில் தணிக்கின்றன. பெருவெள்ளம் வரும்போது நாணலும் கோரையும் படுத்துக்கொள்கின்றன. படுத்த புல் மண்ணுக்குப் பாய் விரித்த மாதிரி. வெள்ளம் அதன் மேல் போகும், மண்ணைத் தொடாது. வெள்ளம் வடிந்ததும் புல் எழுந்து நிற்கும்.

சுவர் என்ன செய்கிறது? வழவழப்பான சுவரில் தண்ணீர் வேகம் கூடுகிறது. அந்த வேகம் சுவர் முடிகிற இடத்தில், அதாவது கீழே இருக்கிற நம்முடைய மண்கரையில், போய் மோதும். சுவரின் காலடியில் மண்ணை அரிக்கும். மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தள்ளும். அடியில் அரிப்பு, பின்னால் தள்ளல். சுவர் சாய்வதற்கு இந்த இரண்டும் போதும். சுவர் கட்டிய நாளில்தான் அதற்கு அதிக பலம், பிறகு வருடா வருடம் குறையும். வேர் நட்ட நாளில்தான் பலம் குறைவு, பிறகு வருடா வருடம் கூடும்.

சிங்கப்பூரில் கான்கிரீட்டை உடைத்த கதை

செடி வெள்ளத்தைத் தாங்குமா என்ற கேள்வியைச் சிங்கப்பூர்ப் பொறியாளர்களும் கேட்டார்கள். அந்த நாட்டின் நீளமான ஆறு காலாங். பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக அந்த ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் சீறிப் பாயும், மழை நின்றால் நடுவில் ஒரு கோடாக வழியும். மக்கள் இறங்காதபடி வேலி போட்டிருந்தார்கள்.

தேசிய நீர் வாரியமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து 2009ல் வேலையைத் தொடங்கின. கான்கிரீட்டை உடைத்து எடுத்து, ஆற்றை வளைந்து நெளிந்து பூங்காவுக்குள்ளேயே ஓட விட்டார்கள். வளைவு சேர்ந்ததால் நீளம் சுமார் 3 கிலோமீட்டர் ஆனது. 2012 மார்ச் மாதம் மக்களுக்குத் திறந்தார்கள். பூங்காவின் பரப்பு 62 ஹெக்டேர், நம் கணக்கில் 150 ஏக்கருக்குச் சற்று மேலே. உடைத்த கான்கிரீட்டைக்கூட வீசவில்லை. அதைக் குவித்துப் பூங்காவுக்குள் ஒரு குன்று ஆக்கினார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலில் ஒரு சோதனைக் கரை. முழு ஆற்றிலும் கை வைப்பதற்கு முன்னால் 60 மீட்டர் நீளத்துக்கு மட்டும் சோதனை போட்டார்கள். பத்து வகையான முறைகளையும் பல செடி வகைகளையும் அங்கே வைத்துப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்த முறைகளை மட்டும் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த முறைகள் ஐரோப்பாவின் மலைநாடுகளில் பழக்கமானவை. வெயிலும் கனமழையும் உள்ள நாட்டில் எந்தச் செடி வேர் பிடிக்கும் என்பது நட்டுப் பார்த்தால்தான் தெரியும். நாம் புது விதையைக் கொஞ்ச இடத்தில் போட்டுப் பார்க்கிற அதே அறிவுதான்.

அடுத்தது, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர் வரைதான். இப்போது பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் ஏறிப் பரவி ஏறக்குறைய 100 மீட்டர் அகலம் வரை விரிகிறது. அதனால் வெள்ளத்தைக் கொண்டுபோகும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியது என்று வடிவமைத்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மழை இல்லாத நாளில் அதே இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தண்ணீர் ஏறும்போது எச்சரிக்க உணர்கருவியும் சங்கொலியும் வைத்திருக்கிறார்கள். நம் படுகையும் இதே ஏற்பாடுதான். வெள்ளம் வந்தால் ஆற்றுக்கு, வடிந்தால் மனிதருக்கு.

மூன்றாவது, உயிர்கள் தாமாக வந்தன. எந்த விலங்கையும் கொண்டுவந்து விடவில்லை. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே உயிரின வகைகள் 30 விழுக்காடு கூடின. நீர்நாய்க் குடும்பங்கள் வந்து மீன் பிடிக்கின்றன. இடத்தைச் சரியாகக் கொடுத்தால் போதும், அழைப்பிதழ் வைக்க வேண்டியதில்லை.

அடையாறு சொல்லும் பாடம்

நம்மிடத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னையில் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிநிலம் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்தது. அதில் 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, தூர்த்த பள்ளங்களைத் தோண்டி, கடல் ஏற்றத்தின்போது நீர் உள்ளே வந்து போக வழி செய்து, 2011 ஜனவரியில் 'தொல்காப்பியப் பூங்கா' என்று திறந்தார்கள்.

இதில் பாராட்ட வேண்டியது, அழகுச் செடிகளைக் கொண்டுவந்து நிரப்பாமல் அந்தக் கடற்கரைக்கே உரிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகளைத் தேடி நட்டது. உப்புநீர் ஏறும் சேற்றில் அலையாத்தி வகைகள், அதற்கு மேலே கோரையும் நாணலும், மேட்டில் நம் கிழக்குக் கரைக்கே உரிய பசுமை மாறாத உலர்காட்டு மரங்கள். உயரத்துக்கு ஏற்ற செடி என்ற விதியை அங்கே ஒழுங்காகப் பின்பற்றினார்கள். எல்லோரும் எந்நேரமும் நுழையும் பொழுதுபோக்குப் பூங்காவாக ஆக்காமல், மாணவர்கள் வந்து படிக்கும் இடமாக வைத்ததும் நல்ல முடிவு.

ஆனால் அதே அடையாறு இன்னொரு பாடமும் சொல்கிறது. பூங்காவுக்குள் செடி செழிக்கிறது. வெளியே ஆற்றில் சாக்கடை வந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீர் குறைந்த மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்வதால் கடல்நீரும் உள்ளே ஏற முடியாமல் போகிறது. கரையை மட்டும் மீட்டால் ஆறு மீளாது. வரும் தண்ணீரையும் சேர்த்து மீட்க வேண்டும்.

2015 டிசம்பரில் அதே அடையாறு சென்னையை முழுகடித்தது. வெள்ளம் புதிதாக எங்கேயும் போகவில்லை. அது பரவ வேண்டிய தாழ்வான இடங்களில் கட்டடம் நின்றிருந்தது.

அழகுபடுத்துவது வேறு, மீட்பது வேறு

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றின் இரு கரையிலும் 11 கிலோமீட்டருக்கும் மேல் சுவர் எழுப்பி நடைபாதை போட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. அங்கே தேங்கி நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து கொண்டுவந்த நீர். தென்கொரியாவின் சியோல் நகரத்தில் மேம்பாலச் சாலையை இடித்து, மூடிக் கிடந்த சோங்கேசோன் ஓடையை 2005ல் திறந்தார்கள். சாலையை எடுத்துவிட்டு நீரைக் கொண்டுவந்த துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ஆனால் 5.8 கிலோமீட்டர் ஓடும் அந்த ஓடைக்குப் பெரும்பங்குத் தண்ணீர் ஹான் ஆற்றிலிருந்து மின்மோட்டார் வைத்துத்தான் வருகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் ஓடை வற்றிவிடும்.

நம் பக்கமும் சபர்மதியைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். மதுரையில் வைகையின் இரு புறமும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுவரும் சாலையும் வந்தன. கோவைக் குளங்களின் கரையில் நடைபாதையும் விளக்கும் வந்தன. மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைபாதையைக் கரையின் மேல்தளத்தில் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீர் விளிம்பைத் தவளைக்கும் கொக்குக்கும் விட்டுவிடலாமே? இரண்டு கரையும் மனிதனுக்கே வேண்டுமா?

ஒரு திட்டம் எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் நாலு கேள்வி கேட்பேன். நீர் விளிம்பில் மண் தெரிகிறதா, சிமெண்ட் தெரிகிறதா? ஆற்றின் அகலம் கூடுகிறதா, குறைகிறதா? சாக்கடையை நிறுத்தும் வேலை கரை வேலைக்கு முன்னால் வருகிறதா? நடும் செடி இந்த ஊர்ச் செடியா? நாலுக்கும் பதில் சாதகமாக இல்லையென்றால் அது வெறும் சாயம் பூசும் வேலை.

செய்முறை: எந்தப் படியில் எந்தச் செடி

இனி நம் பங்குக்கு வருவோம். எங்கள் கூட்டத்தில் நாங்கள் முன்வைத்த முறை இதுதான். நன்னீர் ஓடும் ஆறு, வாய்க்கால், ஏரி எல்லாவற்றுக்கும் சில மாற்றங்களோடு பொருந்தும்.

முதல் வேலை சரிவு. செங்குத்தான கரையில் எந்தச் செடியும் நிற்காது. ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி, இடம் இருந்தால் மூன்று அடி அகலம் வருகிற மாதிரி மண்ணைச் சரிக்க வேண்டும். சரிவு போட்ட மண்ணைத் தென்னை நார் வலையால் மூடி, மூங்கில் முளை அடித்து நிறுத்த வேண்டும். அந்த வலை இரண்டு மூன்று வருடத்தில் மட்கிவிடும். அதற்குள் வேர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். நார் நம் தென்னை விவசாயிகளிடமே கிடைக்கிறது. சிமெண்டுக்குக் கொடுக்கும் காசு நார்க்காரருக்கும் நாற்றுக்காரருக்கும் போகட்டும்.

முதல் படி, எப்போதும் நீர் நிற்கும் ஆழமில்லாத ஓரம். இங்கே கோரையும் சம்பும். சம்பு கழிவுநீரைத் தெளியவைப்பதில் கெட்டிக்காரச் செடி. தன் வேருக்குக் காற்றை இறக்கி, அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு உயிர் கொடுக்கும். அவைதான் அழுக்கைத் தின்கின்றன. ஆனால் சம்பை ஓடும் வாய்க்காலில் விடக்கூடாது, அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் தனிப் பாத்தி வெட்டி, அதற்குள் நீரைச் சுற்றவிட்டு, வருடம் ஒருமுறை அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுத்ததை மூடாக்குக்கோ கம்போஸ்டுக்கோ சேர்க்கலாம். ஆலைக்கழிவு கலந்த நீர் என்றால் வயலுக்குக் கொண்டுவராதீர்கள். உலோக நஞ்சு செடிக்குள் ஏறியிருக்கும்.

இரண்டாம் படி, நீர் ஏறி இறங்கும் விளிம்பு. அதிக அடி வாங்கும் இடம் இதுதான். நாணல், வெட்டிவேர், வசம்பு, இடையில் மண்ணை மூட வல்லாரையும் பொடுதலையும். வெட்டிவேர் நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை நேராகக் கீழே இறங்கும், பக்கத்தில் பரவாது. அரை அடிக்கு ஒரு தூர் வீதம், சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்து நட வேண்டும். வரிசைக்கு வரிசை உயரத்தில் ஒரு மீட்டர் இடைவெளி போதும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மேலே அறுத்துவிட்டால் தூர் கட்டும். ஒரு எச்சரிக்கை: வெட்டிவேருக்கு விலை உண்டு என்பதால் சிலர் தோண்டி எடுக்க வருவார்கள். கரை வெட்டிவேரைத் தோண்டினால் கரையையே தோண்டியது மாதிரி. விற்பதற்கு வேண்டுமானால் வயலில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி, சரிவின் நடுப்பகுதி. இங்கே நொச்சி ராணி. விரல் கனம், இரண்டு அடி நீளக் குச்சியை, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து ஊன்றினால் போதும். ஆடு கடிக்காது. இன்னொரு முறையும் உண்டு: பச்சைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக் கட்டி, சரிவின் குறுக்கே சிறிய பள்ளம் எடுத்து, பாதி புதையும்படி படுக்க வைத்து முளை அடிப்பது. கட்டு உடனே மண் சரிவைத் தடுக்கும், பிறகு கணுக்கணுவாகத் துளிர்த்து வேலியாகும். ஐரோப்பாவில் இதை அலரி வகை மரக்கிளைகளில் செய்கிறார்கள், நமக்கு நொச்சி இருக்கிறது. நீர் தேங்கும் தாழ்வான ஓரங்களில் தாழை நல்லது.

நாலாம் படி, கரையின் மேல்தளம். நீர்மருது, புங்கன், நாவல், அத்தி, நீர்க்கடம்பு, இலுப்பை, பனை. போத்து நட பூவரசு. கிளைகள் நீருக்கு மேல் நிழல் போட்டால் நீர் சூடேறாது, பாசி பெருகாது. பெரிய மரத்தை மதகு, பாலம் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். புயலில் வேரோடு சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

பருவம் முக்கியம். டெல்டாவில் மேட்டூர் அணையை ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பது வழக்கம். சரிவு வேலையைத் தையில் முடித்து, ஈரம் காய்வதற்குள் மாசியில் நட்டுவிட வேண்டும். கோடை மூன்று மாதம் கையால் நீர் ஊற்றித்தான் ஆக வேண்டும், அதற்குக் கூலி ஒதுக்காத திட்டம் தோற்றுப்போகும். புதுத்தண்ணீர் வரும்போது வேருக்கு நாலு மாத வயது இருக்கும். மழைக்காலத்தில் விழா வைத்து நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் நடக்காது. முதல் வெள்ளமே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். பிறகு "செடி தாங்காது, பாத்தீங்களா" என்பார்கள்.

நடக் கூடாதவையும் உண்டு. சீமைக்கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு இரண்டும் கரையை ஆக்கிரமிக்கும், மற்றதை வளரவிடாது. ஆகாயத்தாமரை நீரையே மூடிவிடும். வாங்கி ஒட்டும் புல்தரைக்கு வேர் நாலு விரல் ஆழம்கூட இருக்காது. அதோடு மருந்தும் உரமும் கேட்கும், அது நேராக நீரில்தான் போய்ச் சேரும்.

வேரால் முடியாதது

நம் பக்கத்து வாதத்தை மிகைப்படுத்தவும் கூடாது. பாலத்தின் அடி, மதகின் இரு தோள்கள், வெள்ளம் நேராக வந்து மோதும் வெளிவளைவு, இந்த இடங்களில் கல் வேண்டும். அங்கேயும் சிமெண்ட் பூசாமல் கல்லை அடுக்கி, இடுக்குகளில் நொச்சியும் வெட்டிவேரும் வைத்தால் கல்லும் வேரும் சேர்ந்து பிடிக்கும். நண்டு வளை, எலி வளை பார்த்து அடைக்க வருடம் இரண்டு முறையாவது கரையில் ஆள் நடக்க வேண்டும். சாக்கடையின் அளவு பெரிதாக இருந்தால் எத்தனை சம்புப் பாத்தி போட்டாலும் போதாது, சுத்திகரிப்பு நிலையம்தான் வழி. சரிவுக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கிவிட்ட இடத்தில் இதை முழுதாகச் செய்ய முடியாது.

இடம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நகரத்தில் ஆற்றை மீட்கிறோம் என்று கிளம்பினால் முதலில் இடிபடுவது குடிசைதான். சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வீடு மட்டும் ஊருக்கு வெளியே. அதே ஆற்றின் வெள்ளப்பரப்பில் நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு அந்தக் கதி வருவதில்லை. நிலத்தை விட்டு விரட்டப்படும் வலி உழவருக்குத் தெரியும். ஆகவே கரையில் இருப்பவர்களைப் பக்கத்திலேயே குடிவைத்து, கரை வேலையையும் பராமரிப்பையும் அவர்களுக்கே சம்பளத்தோடு கொடுக்கச் சொல்ல வேண்டும். கரையோடு வாழ்பவர்தான் கரையைப் பார்த்துக்கொள்வார்.

நாம் கேட்க வேண்டியது

எங்கள் கோரிக்கை சின்னது. முழுத் திட்டத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. சுவர் ஒப்பந்தம் போடும் முன், 200 அடி நீளம் எங்களிடம் கொடுங்கள் என்றோம். சரிவு, நார் வலை, நாற்று, கோடைத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஆகும் செலவை எழுதி வைப்போம். ஒரு மழைக்காலம் முடிந்ததும், அதே நீளச் சுவருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டு முடிவு எடுங்கள். 60 மீட்டரில் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூர் வெட்கப்படவில்லை, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? பொறியாளர் மறுக்கவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அது வரும் வரை சும்மா இருக்காமல் நாற்றங்காலில் வெட்டிவேரும் நொச்சியும் போட்டாயிற்று.

உங்கள் ஊருக்கு மேலேயும் ஒரு நகரம் இருக்கும். அங்கே என்ன திட்டம் போடுகிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், மேலே சொன்ன நாலு கேள்வியை வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகராட்சிக்கு அனுப்புங்கள். கீழ்ப் பாசனக்காரர்கள் கையெழுத்து இல்லாமல் மேலே எந்தக் கரையிலும் சுவர் எழுப்பக் கூடாது என்பது நம் பொதுக் கோரிக்கை ஆகட்டும்.

கூடவே சொந்தக் கரையில் ஒரு பத்தடியாவது இந்தத் தையில் தொடங்குங்கள். நகரத்துக்காரர் "தாங்குமா?" என்று கேட்டு வந்தால், கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நம்மிடம் ஒரு கரை இருக்க வேண்டும்.